பணம் கட்டுபவர் பார்க்காத பூ: பூக்கடைத் தளத்தில் நம்பிக்கை வரவைப்பது எப்படி

பூக்கடைக்கு வெப்சைட் தொடங்கப்போகிறீர்கள் என்றால், அதில் யார் வாங்குவார்கள் என்பதை முதலில் யோசியுங்கள். பக்கத்துத் தெருக்காரர் வாங்க மாட்டார். அவர் நேரில் வந்து, சரத்தைத் தூக்கிப் பார்த்து, "நேத்துப் பூவா?" என்று ஒரு கேள்வி கேட்டு, கொசுறு வாங்கிக்கொண்டு போய்விடுவார். தளத்தில் வாங்குகிறவர் பெங்களூரிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர். மதுரையில் இருக்கும் அம்மாவின் பிறந்தநாளுக்கு, மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு, பெரியப்பா இறந்த வீட்டுக்கு என்று அனுப்புகிறவர். பணம் கட்டுவது ஒருவர், பூவைக் கையில் வாங்குவது இன்னொருவர். கட்டியவர் அந்தப் பூவைப் பார்க்கப் போவதே இல்லை.

எங்கள் கடை மதுரை மாசி வீதிகளில் ஒன்றில் இருக்கிறது. மாமனார் காலத்துக் கடை. தளத்தைச் செய்து கொடுத்தது என் நாத்தனார் மகன். அவன் கணினி படித்தவன், எனக்குப் பூ தெரியும். நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுப் போட்டு வைத்த விதிகள்தான் கீழே இருப்பவை. அழகான எழுத்துரு, நகரும் படம் இதெல்லாம் இதில் வராது. அவற்றால் யாரும் நம்பிப் பணம் கட்டி நான் பார்த்ததில்லை.

படம்

இணையத்திலிருந்து எடுத்த படம் ஒன்றுகூடத் தளத்தில் இருக்கக் கூடாது. ஊர் ஊராகப் பூ அனுப்புவதாகச் சொல்லும் பெரிய தளங்கள் பலவற்றில் ஒரே ரோஜாக் கொத்துப் படம்தான் திரும்பத் திரும்ப வரும். அவர்களுக்குச் சொந்தக் கடை இருக்காது. ஆர்டரை வாங்கி, கமிஷனைப் பிடித்துக்கொண்டு, உள்ளூர்க் கடைக்குத் தள்ளிவிடுவார்கள். படத்தில் இருபது ரோஜா இருக்கும், கடைக்காரருக்கு வந்து சேரும் காசுக்குப் பன்னிரண்டுதான் கட்ட முடியும். கடைசியில் ஏச்சு வாங்குவது கட்டிக் கொடுத்தவர். இப்போது வாங்குகிறவர்கள் கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டு, இதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்துவிடுகிறார்கள். உங்கள் படம் உங்கள் தளத்தில் மட்டுமே இருந்தால், அது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

நல்ல கேமரா தேவையில்லை, போன் போதும். ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். மல்லி நீலம் பாய்ந்ததுபோல் தெரியும். காலை எட்டு மணி வாக்கில் கடை வாசலில், வெயில் நேரடியாக விழாத இடத்தில், வாழை இலை மேலோ வெள்ளை வேட்டி மேலோ வைத்து எடுங்கள். போனில் நிறத்தை ஏற்றிக் காட்டும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். கனகாம்பரம் அதில் சிவப்பாகவே மாறிவிடும், பிறகு "படத்தில் இருந்த நிறம் இல்லையே" என்று கேட்பார்கள். கேட்பது நியாயமும்தான்.

மல்லிக்கு மட்டும் இரண்டு படம் வேண்டும். மல்லியை விடிவதற்கு முன்னும் விடிகாலையிலும் மொட்டாகத்தான் பறிக்கிறார்கள், அது விரிவது சாயங்காலத்துக்கு மேல். இது நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். வெளியூரிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. காலையில் போய்ச் சேர்ந்த சரத்தை வீடியோ காலில் பார்த்துவிட்டு, "பூக்கவே இல்லாத பூவைக் கொடுத்திருக்காங்க" என்பார்கள். அதனால் காலைப் படத்தையும் இரவு எட்டு மணிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கீழே ஒரு வரி எழுதுங்கள்: "காலையில் மொட்டாக வரும், ராத்திரி விரியும். விழா சாயங்காலம் என்றால் மதியமே வாங்கி வையுங்கள்."

முழம் என்பது யாருடைய கை?

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். யாருடைய முழங்கை என்பதில்தான் ஊர் முழுக்கத் தகராறு. கடையில் அதைச் சிரித்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், தளத்தில் முடியாது. நாங்கள் 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு ஒரு குச்சியை வெட்டி மேசையிலேயே வைத்திருக்கிறோம். தளத்திலும் "ஒரு முழம் (45 செ.மீ.)" என்றே இருக்கும், படத்திலும் சரத்தின் பக்கத்தில் அளவுகோல் கிடக்கும்.

நீளம் மட்டும் சொன்னால் போதாது. ஒரே முழத்தை நெருக்கியும் கட்டலாம், தளர்த்தியும் கட்டலாம். தளர்த்திக் கட்டினால் பாதிப் பூ போதும். ஆகவே "நெருக்கக் கட்டு", "சாதாரணக் கட்டு" என்று பிரித்து, இரண்டுக்கும் தனிப் படம், தனி விலை வையுங்கள். மாலைக்கு அளவு சொல்லும்போது மொத்தச் சுற்றளவைச் சொல்லாதீர்கள், யாருக்கும் புரியாது. தோளிலிருந்து கீழே எவ்வளவு தொங்கும் என்று சொல்லுங்கள். ஆறடி மாப்பிள்ளைக்கும் ஐந்தடிப் பெண்ணுக்கும் ஒரே நீளத்தில் மாலை போட்டால் போட்டோவில் அது எப்படித் தெரியும் என்று கல்யாணம் பண்ணியவர்களைக் கேளுங்கள். ஆர்டர் படிவத்தில் இரண்டு பேரின் உயரத்தையும் கேட்டு ஒரு கட்டம் வைத்தோம். "இதெல்லாம் கேக்குறீங்களே" என்று ஒரு அம்மா போன் போட்டு ஆச்சரியப்பட்டார். அந்தக் கேள்வியைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தாராம்.

உதிரிப்பூவைக் கிலோவில் விற்றால் இன்னொரு சந்தேகம் வரும். தண்ணீர் தெளித்த பூ எடை கூடும். "தண்ணீர் தெளிக்கும் முன் போட்ட எடை" என்று எழுதுங்கள், எழுதினபடி எடை போடுங்கள்.

அப்புறம் ஊர்ப் பெயர். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. அந்தப் பெயருக்கு மதிப்பு இருப்பதால்தான் எல்லா மல்லியும் மதுரை மல்லி ஆகிவிடுகிறது. சத்தியமங்கலத்து மல்லி ஒன்றும் குறைந்ததில்லை. வந்தது அதுதான் என்றால் அதன் பெயரிலேயே விற்றுவிட்டுப் போங்கள். "இன்றைய மல்லி: உசிலம்பட்டி", "இன்றைய ரோஜா: ஓசூர்" என்று தினமும் ஒரு வரி மாற்றுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. தளத்தை யாரோ தினமும் கவனிக்கிறார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சாமிக்கு வாங்குகிறவர்களுக்கு வேறு கவலை. பூவை முகர்ந்திருப்பார்களோ, தரையில் வைத்திருப்பார்களோ, நூலில் கட்டினார்களா நாரில் கட்டினார்களா என்று மனசுக்குள் ஓடும். கூச்சப்பட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்காமலே அந்தப் பக்கத்தில் பதில் இருக்கட்டும்: சாமி மாலைகளை மேடையில் வைத்துத்தான் கட்டுகிறோம், வாழைநாரில் கட்டுகிறோம். அப்படிச் செய்யாத கடை அதை எழுத வேண்டாம்.

விலை

பூவுக்கு அச்சடித்த விலை கிடையாது. வெயில் காலத்தில் வரத்து கொட்டும்போது கிலோ சில நூறுக்குப் போகிற மல்லி, மார்கழி தைப் பனியில் ஆயிரங்களைத் தாண்டும். அதோடு முகூர்த்தமும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரே நாளில் காலைக்கும் மதியத்துக்கும் விலை மாறும். வெளியூர்க்காரருக்கு இது தெரியாது. போன மாதம் 60 ரூபாய் இருந்த சரம் இந்த மாதம் 200 என்று பார்த்தால், ஏமாற்றுகிறோம் என்றே நினைப்பார்.

இதற்கு எனக்குத் தெரிந்த வழி, விலையைப் பிரித்துக் காட்டுவதுதான். பூ இவ்வளவு, கட்டுக்கூலி இவ்வளவு, கொண்டுபோய்க் கொடுக்க இவ்வளவு. பூவின் விலை மட்டும்தான் ஏறி இறங்குகிறது, மற்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன என்பது ஒரு பார்வையில் தெரியும். "இன்று காலை 7 மணி மார்க்கெட் விலைப்படி" என்று தேதியோடு போடுங்கள். கல்யாண ஆர்டருக்கு மூன்று மாதம் முன்பே விலை கேட்பார்கள். அதற்கு "அன்றைய மார்க்கெட் விலை, ஆனால் மல்லி கிலோ இத்தனை ரூபாய்க்கு மேல் போனால் உங்களைக் கேட்காமல் வாங்க மாட்டோம்" என்று உச்சவரம்பு வைத்து எழுத்தில் கொடுங்கள். உச்சவரம்பைத் தாண்டினால் மல்லிக்குப் பதில் என்ன, முல்லையா, பிச்சியா, சம்பங்கியா என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்காமல் மாற்றிக் கட்டும் பூவால் வரும் சண்டைதான் இந்தத் தொழிலில் அதிகம்.

டெலிவரி கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் திடீரென்று காட்டாதீர்கள். நூறு ரூபாய் பூ என்று உள்ளே கூட்டிப்போய், பணம் கட்டும் இடத்தில் 190 என்று காட்டினால் ஆள் ஓடிவிடுவார். இது சட்டப்படியும் தப்பு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டுதல்களில், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைத் தள உத்திகளைத் தடை செய்திருக்கிறார்கள். விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

பொய் அவசரம் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. "இன்னும் 2 மாலைதான் இருக்கு, 14 பேர் பாத்துக்கிட்டிருக்காங்க" என்று சிவப்பில் மின்னும்படி வைக்கலாம் என்றான் நாத்தனார் மகன்.

"ஏன் மாப்ள, பதினாலு பேர் பாக்குறாங்களா?"

"இல்ல அத்தை. எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க."

"ரெண்டு மாலைதான் இருக்கா? ஆர்டர் வந்தப்புறம்தானே கட்டுறோம்?"

அதோடு விட்டுவிட்டான். நிஜமான அவசரத்தைச் சொல்லலாம், அதில் தவறில்லை. "நாளை முகூர்த்த நாள், இன்று மாலை 6 மணிக்கு மேல் ஆர்டர் எடுக்க மாட்டோம்" என்பது உண்மை, வாங்குகிறவருக்கும் உபயோகம்.

பூ கிளம்பும் முன் ஒரு படம்

மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். கட்டி முடித்த அதே மாலையை, வண்டியில் ஏறும் முன், ஆர்டர் எண் எழுதிய சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்து, பணம் கட்டியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சரி என்று அவர் சொல்ல ஒரு கால் மணி நேரம் பாருங்கள். துபாயில் இருக்கும் மகன் அம்மாவுக்குப் போகும் பூவைப் பார்ப்பது அந்த ஒரு படத்தில்தான். "ஓரத்தில் கொஞ்சம் மரிக்கொழுந்து சேர்க்க முடியுமா" என்று கேட்டால் அப்போதே சேர்த்துவிடலாம். போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த வழக்கம் இருக்கிறது என்பதைத் தளத்தின் முகப்பிலேயே, ஆர்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

கொடுத்துவிட்டோம் என்பதற்கும் படம் கேட்பார்கள். வாசலில் பெட்டியை வைத்த படம் போதும். வாங்கிய பாட்டியின் முகத்தை எடுப்பதென்றால் அவரைக் கேட்டு எடுங்கள், அதை இன்ஸ்டாகிராமில் போடுவதென்றால் தனியாகக் கேளுங்கள். பெற்றுக்கொண்டவரின் போன் எண் டெலிவரிக்காக வந்தது. அதை எடுத்து "ஆடி வெள்ளி ஆஃபர்" என்று செய்தி அனுப்பும் பட்டியலில் சேர்த்தால், ஒரே ஆர்டரில் இரண்டு வீட்டின் நம்பிக்கையும் போய்விடும்.

தாமதமாகும் நாட்களை முன்கூட்டியே அறிவியுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது என்று மதுரைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் போடுகிறவருக்குச் சொல்லியாக வேண்டும். எந்தெந்த பின்கோடுக்குப் போவீர்கள் என்பதோடு, எங்கே போக மாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இறப்பு வீட்டுப் பக்கம்

இதைத் தனிப் பக்கமாக வையுங்கள். மற்றப் பக்கங்களில் இருக்கும் எதுவும் இங்கே வரக் கூடாது. சலுகை இல்லை, குதிக்கும் விளம்பரம் இல்லை, "இதையும் வாங்குங்கள்" இல்லை. மேலே போன் எண், அதன் கீழே மூன்று நான்கு மாலைகள், ஒரு மலர் வளையம், விலை. அவ்வளவுதான்.

படிவத்தில் டெலிவரி நேரத்தைக் கேட்காதீர்கள். "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஆர்டர் போடுகிறவருக்கு அந்த ஒரு நேரம்தான் தெரியும், மாலை அதற்கு எவ்வளவு முன்னால் போக வேண்டும் என்று கணக்குப் போடுவது நம் வேலை. நேரத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று தெரிந்தால் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், முடிந்தால் அந்த ஏரியாவில் இருக்கும் வேறு கடையின் எண்ணைக் கொடுங்கள். மலர் வளையத்தில் ரிப்பன் எழுதுவதென்றால், பெயரை எழுத்துக்கூட்டி அனுப்பச் சொல்லி, எழுதியதைப் படம் எடுத்துக் காட்டி, சரி என்ற பிறகு ஒட்டுங்கள். கல்யாண மாலையில் பூ ஒன்றிரண்டு உதிர்ந்தால் மன்னித்துவிடுவார்கள். இறந்தவர் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அந்தக் குடும்பம் மறக்காது.

பணம் கட்டும் இடம்

யூபிஐ-யில் பணம் அனுப்பும்போது வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் திரையில் வரும். கடைக்கு ஒரு பெயர், வருவது மாமனார் பெயர் என்றால், வெளியூர்க்காரர் அங்கேயே நின்றுவிடுவார். மோசடிக்குப் பயந்த காலம் இது. கடைப் பெயரிலேயே நடப்புக் கணக்கு தொடங்குங்கள். அதுவரைக்கும் கியூஆர் படத்தின் கீழே "பணம் கட்டும்போது இந்தப் பெயர் வரும், இவர் கடை உரிமையாளர்" என்று எழுதி வையுங்கள்.

தளத்தின் முகவரி எச்டிடிபிஎஸ் (https) என்று தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் 2018 முதல் குரோம் உலாவியே "பாதுகாப்பானது அல்ல" என்று காட்டுகிறது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும், தளம் செய்கிறவரிடம் கேட்டால் போட்டுக் கொடுப்பார். கார்டு எண்ணை நீங்கள் சேமிக்கவே முடியாது, ரிசர்வ் வங்கி 2022 அக்டோபரிலிருந்து வியாபாரிகளுக்கு அதைத் தடுத்துவிட்டது. "உங்கள் கார்டு எண் எங்களிடம் இருக்காது" என்று தைரியமாக எழுதலாம்.

பணம் திரும்பக் கொடுக்கும் விதியை நாலு வரியில், தமிழில் எழுதுங்கள். எங்களுடையது இது: "பூ வாடியோ மாறியோ வந்தால், வாங்கி 2 மணி நேரத்துக்குள் படம் அனுப்புங்கள். எங்கள் தவறு என்றால், மறுபடி கட்டித் தருவோம் அல்லது முழுப் பணமும் தருவோம், எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். ஆர்டரை ரத்து செய்ய, நாங்கள் பூ வாங்கும் முன் சொன்னால் முழுப் பணம். வாங்கிய பின் சொன்னால் பூ விலை போக மீதி." இதோடு, பூவை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் சேர்த்துவிடுங்கள்: ஈரத்துணியில் சுற்றி, மூடிய டப்பாவில், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். ஃப்ரீசரில் வைத்தால் கருத்துவிடும். வாடிய பூ பற்றி வரும் புகார்களில் சில அந்த ஃப்ரீசரிலிருந்து வருபவைதான்.

பெயரும் விலாசமும் விமர்சனமும்

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, தளத்தில் விற்கிறவர் தன் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்க்கும் அலுவலரின் பெயர் எல்லாம் வெளியிட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சின்னக் கடையில் குறைதீர்க்கும் அலுவலர் என்றால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான், பரவாயில்லை, பெயரைப் போடுங்கள். பூக்கடைக்கு 48 மணி நேரம் என்பதே அதிகம். அதற்குள் பூவே இருக்காது, அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். கடையின் வாசல் தெரியும்படி ஒரு படமும், கூகுள் மேப் இணைப்பும் வையுங்கள். வெளியூரில் இருப்பவர், "அந்தப் பக்கம் போனால் கடை இருக்கிறதா என்று பார்" என்று உள்ளூரில் யாரையாவது அனுப்பிப் பார்ப்பதும் உண்டு.

விமர்சனத்தைத் தளத்தில் நீங்களே எழுதாதீர்கள், சொந்தக்காரரை வைத்தும் எழுத வைக்காதீர்கள். விற்கிறவர் வாடிக்கையாளர்போல் விமர்சனம் எழுதுவதை அதே விதிகள் தடுக்கின்றன. சட்டம் இருக்கட்டும், "மிகவும் அருமையான சேவை, தரமான பூக்கள்" என்று பத்துப் பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தால் படிக்கிறவருக்கே தெரிந்துவிடும். கூகுளில் வரும் உண்மையான விமர்சனங்களுக்கு இணைப்புக் கொடுங்கள். திட்டி வந்ததை அழிக்க வழி தேடாமல் பதில் எழுதுங்கள். பதிலில் மூன்று விஷயம் போதும்: என்ன நடந்தது, அவருக்கு என்ன செய்தோம், இப்போது எதை மாற்றியிருக்கிறோம். "மழையில் வண்டி நின்றுவிட்டது, மாலை 40 நிமிடம் தாமதம், டெலிவரி காசைத் திருப்பிக் கொடுத்தோம், மழை நாளில் இனி ஆட்டோவில் அனுப்புகிறோம்" என்பதுபோல். புதிதாக வருகிறவர் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு முதலில் படிப்பது அந்த ஒற்றை நட்சத்திரத்தையும் அதற்கு நீங்கள் சொன்ன பதிலையும்தான்.

மாதத்துக்கு ஒரு முறை, தளத்தை வெளி ஆள்போல் போனில் திறந்து பாருங்கள். பொங்கல் சலுகை சித்திரையிலும் தொங்கிக்கொண்டிருக்கிறதா, கொடுத்திருக்கும் எண்ணுக்கு அடித்தால் யாராவது எடுக்கிறார்களா, வாட்ஸ்அப் பொத்தான் பழைய எண்ணுக்குப் போகிறதா என்று பாருங்கள். போன் எடுக்கும் நேரத்தையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நாங்கள் விடிகாலை மார்க்கெட்டுக்குப் போய்விடுவதால் 5 முதல் 7 வரை எடுப்பதில்லை, அந்த நேரத்தில் செய்தி அனுப்பினால் ஏழரைக்குள் பதில் வரும் என்று போட்டிருக்கிறோம்.